எடைக்கு வாங்கியது

கிலோ முப்பத்தெட்டு.
மூலக்கடை இரும்புக்காரர் என்னைக் கீழே இறங்கச் சொன்னார்.
நான் இறங்கினேன், ஜீப் மட்டும் எடைமேடையில் நின்றது.
"என்ஜின் ஓடாதே, அதைக் கழிச்சுக்குங்களேன்."
"ஓடலன்னாலும் இரும்புதானேம்மா."
ஆயிரத்து நூற்று இருபது கிலோ.
தள்ளி எடுத்த சீட்டுப் பணம்
அங்கேயே தீர்ந்தது.

தண்ணி லாரியின் பின்னால் கயிறு கட்டித்
தண்டையார்பேட்டை வரை இழுத்து வந்தோம்.
பிரேக் கிடையாது.
லாரி நிற்கும்போதெல்லாம்
ஏகாம்பரம் குதித்தோடிச் சக்கரத்தடியில் கட்டை போட்டான்.
தெரு முழுக்க ஒரே கேள்வி:
"ஃபோர் வீலாமே, ஏறுறதுக்கு மலை எங்க கீது?"
"கொடுங்கையூர்ல கீதே,"
என்றாள் இட்லிக்கடை ஜெபமணி,
"குப்பமேடு."

யார்டில் பன்னிரண்டு மணி நேரம்
கண்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பவள் நான்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒன்று பிசகினால் ஒரு பெட்டி
வேறு கடலுக்குப் போய்விடும்.
அந்தக் கண்ணோடுதான் ஜீப்புக்கு அடியில் படுத்தேன்.
அழுக்கு, அதற்கடியில் அழுக்கு,
அதற்கடியில் யாரோ அடித்த நீலம்,
நீலத்துக்கடியில் பச்சை.
மண்ணெண்ணெயும் தேய்ந்த கரண்டியுமாக
மூன்று ஞாயிற்றுக்கிழமை.
சுரண்டியதையெல்லாம்
பெயின்ட் டப்பாவில் கொட்டி வைத்தேன்.

தரையைத் துரு தின்றிருந்தது.
காசிமேட்டில், படகுக்குப் பூசி மிஞ்சிய ஃபைபரைப்
பாதி விலைக்குத் தந்தார்கள்.
ஆக, முழங்காலுக்குக் கீழே
என் ஜீப் ஒரு படகு.
கிங்பின் புஷ்,
விசைப்படகுச் சுக்கானில் கழித்துப்போட்ட பித்தளை,
ரெமிஜியுஸ் லேத்தில் கடைந்தது.
கூலிக்கு மீன் வாங்கித் தரட்டுமா என்றதற்கு
அவர் சிரிக்கவேயில்லை.
"நாள் முழுக்க அந்த நாத்தத்துலதான் கீறேன்.
பிரியாணி வாங்கிக் குடு."

நோட்டில் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு.
வலப்பக்கம் சும்மாதானே இருக்கிறதென்று
மகன் அதில் ராக்கெட் வரைந்தான்.

கார்த்திகையில் ஒரு விடியல்
ஏழெட்டு இருமல் இருமி
அது உயிர் பிடித்தது.
கொடிக்கயிற்றுத் துணியெல்லாம் கரி.
திட்டினார்கள்; திட்டிக்கொண்டே
எட்டிப் பார்க்கவும் வந்தார்கள்.

ஆனால் கொருக்குப்பேட்டையில் பாலம் ஏறும்போது
இரண்டாம் கியரில்
டொக்.
கியர்பாக்ஸை இறக்கினோம்.
புதுப்பேட்டை போனோம், பேரிங், பதினோராயிரம்.
ஏற்றினோம்.
டொக்.
மறுபடி இறக்கினோம்.
சின்ன மணியடிப்பு மாதிரி, யாரோ கதவருகே நின்று
திறக்கட்டுமென்று காத்திருப்பது மாதிரி,
டொக்.
ஏகாம்பரம் கை துடைத்தான்.
"வித்துருக்கா. வாங்குன எடைக்கே போவும்."

இரவு, தொலைந்துபோன ஒரு சர்க்லிப்புக்காக
டப்பாவைத் தாளில் கவிழ்த்தேன்.
சர்க்லிப் இல்லை.
களிம்பேறிய வட்டம் ஒன்று உருண்டது.
துடைத்தேன்: காண்டாமிருகம்.
இருபத்தைந்து காசு.
மறுபுறம், எண்ணின் மேல்
நேராக ஒரு கோடு அழுந்தியிருந்தது.
எதன் விளிம்பு அது?

டார்ச்சோடு படுத்தேன்.
என்ஜின் உட்காரும் இடத்தில், இடது மவுன்டிங்கில்,
ஒரு நாணயத் தடிமனுக்குக் காலியிடம்.
எனக்கு முன்னால் யாரோ,
சரியான வாஷருக்குக் கையில் பணமில்லாத யாரோ,
இருந்த காசையே அங்கே செலவழித்திருக்கிறார்.
நான் அதை அழுக்கென்று சுரண்டியிருக்கிறேன்.
செருகி, போல்ட்டை முறுக்கினேன்.
விடிந்ததும் பாலம்.
இரண்டாம் கியர்.
ஒன்றுமில்லை, டீசல் சத்தம் மட்டும்.
கடையில் வாங்க மறுக்கும் காசு
ஒரு டன் இரும்பைப் பேசாமல் தாங்கியது.

ராக்கெட்டின் வாலுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
வரவு, 25 காசு.

அந்த ஞாயிறு எண்ணூரில்
நாலு சக்கரமும் மணலில் புதைந்தது தனிக்கதை.
வலை இழுத்துக்கொண்டிருந்த பதினாறு பேர்
வலையைவிட இது லேசு என்றார்கள்.
லீவர் நழுவுகிறது, வைப்பர் ஒன்றுதான் வேலை செய்கிறது,
பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது.
வியாழக்கிழமை எஃப்சி.
இன்னும் இரண்டு பல்பு வாங்க வேண்டும்.